உருளைக்குப் பின்னால்

பெடல் ஸ்டீல் கிதாரை நம்மில் அநேகம் பேர் நேரில் பார்த்திருக்க மாட்டோம்; கேட்டிருப்போம். கன்ட்ரி என்று சொல்லப்படும் அமெரிக்கப் பாட்டுகளில், காதலி போய்விட்டாள் என்று பாடகன் சொல்லி நிறுத்தியதும், அவன் குரலுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போகும். அதுதான். நம் ஊரில் கூலிக்கு மாரடிப்பவர்கள் செய்த காரியத்தை அங்கே இந்த வாத்தியம் செய்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். முழுக்க வேடிக்கையும் இல்லை.

பெயரில்தான் கிதார். உருவம் மேஜை. கால்களின் மேல் நிற்கும் நீளப் பலகை. அதன்மேல் பெரும்பாலும் பத்துத் தந்திகள். இரட்டைக் கழுத்து வைத்துச் செய்ததில் இருபது. தந்தியை விரலால் அழுத்துவது கிடையாது. இடது கையில் உள்ளங்கை நீளத்துக்கு, ஒரு முனை உருண்ட, வழவழப்பான எஃகு உருளை. அது தந்திகளின்மேல் படிந்து நகர்கிறது. மெட்டு இருக்க வேண்டிய இடங்களில் வெறும் கோடுகள்தான் வரைந்திருக்கும். வலது கையில் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் மாட்டும் நகங்கள். இடது கால் மிதிகளில். இரண்டு முழங்கால்களும் பலகைக்கு அடியில் தொங்கும் நெம்புகோல்களை இடமும் வலமும் தள்ள வேண்டும். வலது கால், சப்தத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தனி மிதியில். உட்கார்ந்து வாசிப்பவரின் உடம்பில் சும்மா இருப்பது தலை ஒன்றுதான். ரொம்ப நாள் வாசித்தவர்களின் முகத்தில் அந்தச் சும்மா இருப்பது தெரியும். நெசவுத் தறியில் உட்கார்ந்திருப்பவரின் முகம் மாதிரி.

மிதியை அழுத்தினால் அடியில் கம்பிகளும் கொண்டிகளும் இழுபட்டு, குறிப்பிட்ட ஒரு தந்தி, அல்லது இரண்டு, குறிப்பிட்ட அளவு மட்டும் இறுகும். மற்றவை இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, பக்கத்திலிருப்பது வளைந்து ஏறி வந்து அதோடு பொருந்துகிறது. அழுகை என்று நாம் கேட்பது இந்தப் பொருந்துதலைத்தான். எல்லாமே சேர்ந்து வழுக்கினால் அது ஹவாயன் கிதார். ஒன்று நிற்க ஒன்று நகர்ந்தால் பெடல் ஸ்டீல். நம் கோட்டுவாத்தியத்திலும் மெட்டு கிடையாது, கட்டைதான் நகர்கிறது. ஆனால் அங்கே கமகம் முழுவதும் கையிலிருந்து வருகிறது. இங்கே கமகத்தின் ஒரு பகுதியை யந்திரத்திடம் ஒப்படைத்து, அது எங்கே போய் நிற்க வேண்டும் என்று திருகாணி வைத்து முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார்கள். ஒரு கர்நாடக வித்வானுக்கு இது பாவமாகக்கூடத் தோன்றலாம்.

நான் எழுத வந்தது அடக்குவதைப் பற்றி. இந்த வாத்தியத்தில் முதலில் கற்க வேண்டியதும், கடைசிவரை கற்று முடியாததும், தந்தியை ஒலிக்கவிடாமல் செய்வது. அடுத்த தந்தியைத் தட்டுவதற்கு முன் வலது உள்ளங்கையின் ஓரம் இறங்கி முந்தைய ஒலியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்துத் தந்தியும் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து சேறாகிவிடும். நகம் தந்தியில் படும் சுரண்டலைக் காட்டக்கூடாது. சப்தத்துக்கான மிதியைப் பாதியில் வைத்துத் தட்டி, ஒலி தேயத் தேய அதைத் திறந்துகொண்டே போக வேண்டும். அப்போதுதான் தந்தி சாகவே சாகாது என்ற பிரமை வரும். அடியில் இழுபடும் கம்பிகளின் முனகல் வெளியே வரக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், இடது கையில் உருளைக்குப் பின்னால் மீந்திருக்கும் விரல்கள் தந்திகளின்மேல் படுத்தே கிடக்க வேண்டும். உருளை தந்தியை இரண்டு துண்டாக்குகிறது அல்லவா? முன் துண்டு நாம் கேட்பது. பின் துண்டும் அதிர்கிறது. அது கேட்கக்கூடாது.

எனக்கு இது புஸ்தகம் படித்துத் தெரிந்ததல்ல. அம்மாவின் தம்பி கல்கத்தாவில் ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். 1940களில் அந்த ஊரில் ஹவாயன் கிதார் ஒரு மோகம். ஹவாயில் வளர்ந்து, குடும்பத்தோடு உலகம் சுற்றி வாசித்துக்கொண்டிருந்த டாவ் மோ அந்த வருஷங்களில் கல்கத்தாவில் தங்கியிருந்தார். வங்காளிகள் அந்த வாத்தியத்தை ரவீந்திர சங்கீதத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டார்கள். மாமா டாவ் மோவிடம் கற்றவரல்ல. அவரைக் கேட்டவரைக் கேட்டவர். 1947 தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியும் துணி உறை போட்ட மரக் கிதாருமாகக் கும்பகோணம் வந்து சேர்ந்தார். நான் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வயது வந்தபோது, சாயந்திரம் திண்ணையில் அதை மடியில் படுக்க வைத்து ஹவாய் மெட்டுகளும் சினிமா மெட்டுகளும் வாசிப்பார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் நாளே, "பின்னாடி ரெண்டு விரலும் படுத்துக் கெடக்கணும்டா. தூக்கினே, பேய் கத்தும்" என்றார். பத்து வயசுப் பையனிடம் இதைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? தூக்கினேன். மெல்லிய, பொருந்தாத ஒரு சத்தம், அடுத்த வீட்டில் யாரோ வேறொரு வாத்தியத்தை வாசிப்பது மாதிரி, கூடவே வந்தது. மாமா கோபப்பட்டு நான் பார்த்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் நடந்த கொலைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த நான்கு நாளும் அவர் அந்த ஊரில்தான் இருந்தார் என்பதை, அவர் போன பிறகு, அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இதையும் அதையும் முடிச்சுப் போடும் சௌகரியம் எனக்கு வேண்டாம். ஒரே மனிதரைப் பற்றிய இரண்டு தகவல்கள், அவ்வளவுதான்.

வாத்தியத்தின் சரித்திரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மிதிகளை முதலில் பொருத்தியது வேறு காரியத்துக்கு. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும், அல்லது ஒரு கூட்டு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, தந்திகளின் ஸ்ருதியை மாற்றிக்கொள்ள. மேடையில் நின்றுகொண்டு பிருடை திருகும் கஷ்டத்தைக் குறைக்க. மிதிப்பதை ஜனங்கள் கேட்கக்கூடாது என்பதே யோசனை. 1954-ல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' என்ற இசைத்தட்டு பிரபலமாயிற்று. அதில் வாசித்த பட் ஐஸக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். ஸ்ருதி மாறுவதை மறைக்காமல், மாறுவதையே கேட்க வைத்தார். திரைக்குப் பின்னால் சாமான் நகர்த்துவதை நாடகமாக ஆக்கியது போல. ஸ்டீல் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வாத்தியத்துக்கு மிதி பொருத்த ஓடினார்கள். இன்று பள்ளிப் பாடமாக இருப்பது, அன்று வாத்தியத்தைத் தப்பாக உபயோகித்த ஒருவரின் கால்.

அவருக்கும் முன்னால், 1948-ல் பால் பிக்ஸ்பி செய்துகொடுத்த மிதிக் கிதாரை வைத்துக்கொண்டு ஸ்பீடி வெஸ்ட் செய்ததைக் கேட்டால், புதுமை என்று இன்று சொல்லிக்கொள்பவர்கள் கொஞ்சம் அடங்குவார்கள். ஜிம்மி பிரயன்ட்டின் கிதாரோடு 1950களின் முதல் பாதியில் அவர் பதிவு செய்தவை நடன அரங்குக்கான குதூகல இசைதான். நடுவில் திடீரென்று உருளையைத் தந்திகளின்மேல் மோதுவார், தூக்கி எறிகிற மாதிரி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுப்பார். கண்ணாடி அலமாரி விழுந்த மாதிரி இருக்கும். அடுத்த விநாடி லயம் பிசகாமல் பாட்டுக்குள் வந்துவிடுவார். யாரும் இதைப் பரிசோதனை என்று சொல்லவில்லை. கோமாளித்தனம் என்று ரசித்தார்கள். 1964-ல் பீட் டிரேக் 'ஃபாரெவர்' பாட்டில் கிதாரின் ஒலியை ஒரு குழாய் வழியாகத் தன் வாய்க்குள் செலுத்தி, உதட்டையும் நாக்கையும் அசைத்து, வாத்தியத்தையே சொற்களைப் பேச வைத்தார். அதுவும் நன்றாக விற்றது. வியாபாரச் சங்கீதத்துக்குள் இவ்வளவு விபரீதம் சாதாரணமாக நடமாடியிருக்கிறது.

இலக்கணம் கட்டியவர்களும் அப்படித்தான். இந்தியானாவில் பிறந்த பட்டி எம்மன்ஸ் 1962-ல் பத்துத் தந்தி ஸ்ருதியின் உச்சியில் இரண்டு தந்திகளைச் சேர்த்தார். அவை இருக்க வேண்டிய வரிசையில் இல்லை. எல்லாவற்றிலும் உயரத்தில் ஒலிப்பது மூன்றாவது தந்தி. முதலிரண்டும் அதற்குக் கீழே, நடுவில் விட்டுப்போன ஸ்வரங்களை இட்டு நிரப்ப. வரிசை தப்பிய அந்த ஏற்பாடுதான் இன்றைக்கு நாஷ்வில்லின் பொது ஸ்ருதி. அடுத்த வருஷமே அவர் ஜாஸ் தட்டு ஒன்று போட்டார், அழுகை வாத்தியத்தில். அவர் வாசிப்பில் அடக்குதல் ஒரு பூரணத்தை எட்டிவிட்டது. ஒவ்வொரு ஸ்வரமும் தன் எல்லைக்குள் பிறந்து தன் எல்லைக்குள் முடிகிறது. 2015-ல் அவர் இறக்கும்வரை இந்த வாத்தியத்தில் எது சுத்தம் என்பதற்கு அவர்தான் அளவுகோல். இன்றும் மாறவில்லை.

இத்தனையும் சொல்லக் காரணம், 2025 பிப்ரவரியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் நடந்த வாக்குவாதம். சூஸன் ஆல்கார்ன் ஜனவரி 31 அன்று காலமாகியிருந்தார். அவருடைய தனி வாசிப்புப் பதிவுகள் சிலவற்றை நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து கேட்டோம். அரை மணி ஆனதும் எங்களில் மூத்தவர், சங்கீத ஞானம் உள்ள கவிஞர், "இந்த அம்மா ஸ்ருதி சேர்த்துக்கொண்டு முடிந்ததும் கூப்பிடுங்கள்" என்று காபி குடிக்க இறங்கிப் போய்விட்டார். இளையவர் ஒருவர், அவரும் கவிஞர், எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்: இதுதான் விடுதலை, இலக்கணத்தைத் தூக்கிப் போட்டு உடைத்தாயிற்று, நாமும் தமிழில் இதைத்தான் செய்ய வேண்டும். எனக்கு என்னவோ இருவரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள் என்று தோன்றியது. ஒருவருக்கு அது குறை, மற்றவருக்கு நிறை. இலக்கணம் அங்கே இல்லை என்பதில் இருவருக்கும் ஒப்புதல்.

அது அங்கே இல்லாமல் இல்லை. ஆல்கார்ன் டெக்ஸாஸில், ஹூஸ்டன் வட்டாரத்தில், வருஷக்கணக்கில் நடன அரங்குகளில் கன்ட்ரி குழுக்களோடு வாசித்தவர். காதலி போய்விட்டாள் என்றதும் அழுதுகொடுத்தவர். அந்த வேலை தெரியாத கை இதைச் செய்ய முடியாது. பிறகு பாலின் ஆலிவெரோஸின் பரிச்சயம். ஒலியைக் கேட்பதே ஒரு சாதனை என்று வைத்துக்கொண்ட இசையமைப்பாளர் அவர். இன்னொரு பக்கம் ஆலிவியே மெஸ்ஸியான். உலக யுத்தங்களில் இறந்தவர்களின் நினைவாக 1964-ல் மெஸ்ஸியான் எழுதிய படைப்பு ஒன்று, காற்று வாத்தியங்களுக்கும் உலோகத் தாளங்களுக்குமானது. இறந்தோர் உயிர்த்தெழுவதை எதிர்நோக்கியிருக்கிறேன் என்பது அதன் தலைப்பு. ஆல்கார்ன் 2007-ல் வெளியிட்ட தட்டுக்கு, பெடல் ஸ்டீல் கிதார் உயிர்த்தெழுவதை எதிர்நோக்கியிருக்கிறேன் என்று பெயர் வைத்தார். இதில் குறும்பு இருக்கிறது. குறும்பு மட்டும் இல்லை.

அவர் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம், ஏனென்றால் 'உடைத்தாயிற்று' என்ற சொல் விவரத்தில் நிற்காது. மிதி என்பது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேருவதற்கானது, திருகாணி அதற்குத்தான். அதை நடுவில் நிறுத்தினால்? பொது ஸ்ருதியில் முதல் தந்தியும் நாலாவது தந்தியும் ஒரு முழு ஸ்வர தூரத்தில் இருக்கின்றன. ஒரு மிதி நாலாவதை உயர்த்தி முதலாவதோடு ஒன்றாக்கிவிடும். முழுக்க மிதித்தால் இரண்டும் ஒரே ஸ்வரம். மிதியை அணு அணுவாகத் தளர்த்தினால் அந்த ஒன்று மெதுவாகத் துடிக்க ஆரம்பிக்கும், தூரம் கூடக் கூடத் துடிப்பு வேகம் பிடிக்கும், ஒரு கட்டத்தில் கரகரப்பாகி, அப்புறம் இரண்டாகப் பிரியும். வீணைக்காரர்களும் தம்புரா மீட்டுகிறவர்களும் ஸ்ருதி சேர்க்கும்போது இதைத்தான் கேட்டுக் கேட்டு ஒழித்துக்கட்டுகிறார்கள். ஒழிப்பதற்கு முன் அது என்ன என்று உட்கார்ந்து கேட்டால் அங்கே ஒரு முழுச் சங்கீதம் இருக்கிறது. மூத்த நண்பர் காபிக்குப் போனது சரியாக அந்த இடத்தில்.

உள்ளங்கை இறங்க வேண்டிய இடத்தில் இறங்காவிட்டால் தந்திகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொண்டே போகும். சேறுதான். ஆனால் எந்தத் தந்தியை அணைத்து எதை விட வேண்டும் என்று கைக்குப் பழகியிருந்தால், சேற்றுக்குள்ளேயே ஒரு இடம் தெளியும், வேறொரு இடம் கலங்கும். அவர் ஒரு கூட்டு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு அது தேயும்வரை காத்திருக்கிறார். தேய்வது ஒரே மாதிரி நடப்பதில்லை. உயர ஒலிகள் முதலில் போகின்றன, கனமானவை தங்குகின்றன, இடையில் யாரும் தட்டாத ஒரு ஸ்வரம் தலை காட்டுகிறது. சப்த மிதியைத் திறந்து மரணத்தை மறைப்பது வழக்கம். மறைக்காமல் விட்டால் ஒலிக்கு ஒரு வயசு வருகிறது. உருளையைத் தந்தியில் அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வைத்தால் மெல்லிய மேலொலிகள். உருளையின் உருண்ட மூக்கை மட்டும் ஒற்றைத் தந்தியில் சாய்த்தால் ஒன்று விலக மற்றவை திறந்த தந்திகளாக நிற்கின்றன. இவற்றில் எதுவும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதல்ல. ஒவ்வொன்றும் வாத்தியத்தின் பாடத்தில் 'செய்யாதே' என்ற தலைப்பின் கீழ் ஏற்கெனவே இருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இது ஏதோ ஐரோப்பிய நவீனத்தின் தயவால் நடந்தது போலத் தோன்றும். அமெரிக்கக் கறுப்பர்களின் பெந்தகொஸ்தே சபை ஒன்றில், ஹவுஸ் ஆஃப் காட் என்று பெயர், 1930களின் கடைசியிலிருந்து ஆராதனையில் ஸ்டீல் கிதார்தான் தலைமை வாத்தியம். டிரோமன் ஈஸன் என்பவர் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹவாய்க்காரரிடம் கற்றார். அவர் தம்பி வில்லி ஈஸன் ஹவாய் இனிமையைப் பெரும்பாலும் கழித்துவிட்டு, ஒரே தந்தியில், பாடுகிற குரலையும் பிரசங்கிக்கிற குரலையும் கிதாரில் கொண்டுவந்தார். பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்வார், கிதார் அதைத் திருப்பிச் சொல்லும்: திக்கல், கரகரப்பு, மூச்சிரைப்பு எல்லாவற்றோடும். பின்னால் வந்தவர்கள் மிதி வாத்தியத்துக்கு மாறினார்கள். சக் காம்பெல், அப்புறம் பதின்மூன்று தந்தியோடு ராபர்ட் ராண்டால்ஃப். 1997-ல் ஆர்ஹூலி கம்பெனி தட்டு வெளியிடும்வரை இந்தச் சபைகளுக்கு வெளியே இது அநேகமாக யாருக்கும் தெரியாது. நாஷ்வில் காதுக்கு இதில் பாதி அபஸ்வரம். சபையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அது வேத வசனம். விபரீத உத்தி என்று நாம் பேசுவதெல்லாம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நான் எல்லாவற்றையும் ரசிக்கிறவன் அல்ல. 1983-ல் பிரயன் ஈனோவின் 'அப்போலோ' தட்டில் டானியல் லன்வா வாசித்த ஸ்டீல் எனக்குப் பிடிக்கும். சந்திரனுக்குப் போனவர்கள் கன்ட்ரி பாட்டுப் பதிவுகளைக் கூட எடுத்துப் போனார்கள் என்ற தகவலை வைத்துக்கொண்டு, அந்த அழுகையை எடையில்லாமல் மிதக்கவிட்டார்கள். ஆனால் அதன் வழியில் வந்த பலர் எதிரொலி யந்திரத்தில் வாத்தியத்தை ஊறப் போட்டு, மணிக்கணக்கில் ஒரு மென்மையை விரித்துக்கொண்டிருக்கிறார்கள். தூக்கத்துக்கு நல்லது. அங்கே அணைக்க வேண்டிய அவசியமும் இல்லை, அணைக்காமல் விடும் துணிச்சலும் இல்லை, யந்திரம் எல்லாவற்றையும் மெழுகிவிடுகிறது. ஹெதர் லீ வேறு ரகம். பீட்டர் பிராட்ஸ்மான் என்ற ஜெர்மானிய ஸாக்ஸபோன்காரர், 2023-ல் இறந்தவர், காட்டுத்தனமான மூச்சுக்குப் பேர் போனவர். அவரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து லீ வாசித்த தட்டுகள் 2016-லிருந்து வந்தன. ஒலிபெருக்கி உடையும் விளிம்பில் வாசிக்கிறார். சில இடங்களில் இரைச்சல் தன் வேலையைத் தானே செய்யட்டும் என்று விட்டுவிடுகிறாரோ என்ற சந்தேகம் எனக்கு வருவதுண்டு. பிராட்ஸ்மான் நிறுத்திய இடங்களில், கிதார் தனியாக நின்று தழதழக்கும்போது, சந்தேகம் போய்விடுகிறது.

இளைய நண்பர் விடவில்லை. "நம் கவிதைக்கு இதிலிருந்து என்ன?" என்றார். புதுக்கவிதை என் தலைமுறைக்குக் கற்றுத் தந்ததும் பெரும்பாலும் அடக்கத்தான். எதுகையை அணை, அடைமொழியை வெட்டு, துக்கத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, கடைசி வரியை எடுத்துவிடு. அந்தப் பாடம் அப்போது அவசியமாக இருந்தது. பத்துத் தந்தியும் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்த மேடைக் கவிதைகளுக்கு நடுவில் வேறு எப்படித் தொடங்குவது? ஆனால் இன்று பார்வைக்கு என்று என்னிடம் வந்து சேரும் கவிதைகளில் பெரும்பாலானவை சுத்தமாக இருக்கின்றன, நாலு வரியில் நிற்கின்றன, எதையும் உரக்கச் சொல்வதில்லை. அடக்கப்பட்டது என்று ஒன்று உள்ளே இருப்பதாகத் தெரியவில்லை. விரல்கள் படுத்துக் கிடக்கின்றன. கீழே தந்தி இல்லை. இன்னொரு வகையில் நிறுத்தற்குறி இல்லாமல், வாக்கியம் இல்லாமல், எல்லாம் சிதறிக் கிடக்கிறது; அங்கே உருளையே இல்லை. இரண்டு வகையையும் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் வைதுகொள்கிறார்கள். மொட்டைமாடியிலும் அதுதான் நடந்தது. மூத்தவர் காபி குடித்துவிட்டு மேலே வந்தபோது மணி ஒன்பதரை, கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்துவிட்டார்கள்.

பெடல் ஸ்டீலில் உருளைக்குப் பின்னால் இருக்கும் துண்டு லேசில் கேட்காது. காந்தச் சுருள் இருப்பது வலது கைப் பக்கம். பின்னால் அதிர்வது உருளையின் வழியாகக் கசிந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும். சப்த மிதியை முழுக்கத் திறந்து, விரல்களைத் தூக்கி, முன்பக்கத்தைத் தட்டாமல் பின்பக்கத்தையே நகத்தால் சீண்டினால் மங்கலாக வரும், கூடவே ஒலிபெருக்கியின் உறுமலும். மாமாவின் மரக் கிதாரில் அந்தத் தொல்லை கிடையாது. மரம் இரண்டு பக்கத்தையும் சமமாக வாங்கிக்கொள்ளும். அது இப்போது என்னிடம் இருக்கிறது. மொட்டைமாடி வாக்குவாதத்துக்குப் பிறகு அதன் துருப்பிடித்த தந்திகளைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டேன்.

விரலைத் தூக்கிக்கொண்டு உருளையை நகர்த்தினால் முன்பக்கம் குறுகிக் குறுகி ஒலி ஏறுகிறது. அதே நேரத்தில் பின்பக்கம் நீண்டு நீண்டு ஒலி இறங்குகிறது. ஒரே கை, ஒரே நகர்வு, எதிரெதிராக இரண்டு பிரயாணம். பெரும்பாலான இடங்களில் இரண்டும் பொருந்துவதில்லை, மாமா சொன்ன பேய்தான். ஐந்தாவது கோட்டில் கொஞ்சம் சமாதானம் தெரிகிறது. ஏழாவதில் பின்பக்கம் முன்பக்கத்தின் மேல் ஸ்தாயியில் அப்படியே பேசுகிறது. பன்னிரண்டில், தந்தியின் சரிபாதியில், இரண்டும் ஒரே ஸ்வரம். எது முன், எது பின் என்று காதால் சொல்ல முடியாது. அதைத் தாண்டினால் பின்பக்கம்தான் கீழே, கனமாக, நிதானமாக இருக்கிறது. கீச்சிடுவது நம் பக்கம். பத்து வயசில் நான் தூக்கியது மூன்றாவது கோட்டின் அருகில் இருக்க வேண்டும். மாமாவின் கை எந்தெந்தக் கோடுகளில் அதிகம் நின்றது என்பது அந்தப் பலகையில் தேய்ந்திருக்கும் மெருகைப் பார்த்தாலே தெரிகிறது: ஐந்து, ஏழு, பன்னிரண்டு. மூன்றாவது தந்தியின் பிருடை மட்டும் நழுவுகிறது. சரி செய்ய ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.